பெட்டிமுடியின் முந்தைய நாள்

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பத்தே முக்கால் மணியளவில், இடுக்கி மாவட்டத்தின் பெட்டிமுடியில் மலைச்சரிவொன்று பெயர்ந்து வந்து தேயிலைத் தொழிலாளர்களின் நான்கு லயங்களை மூடியது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் முன்பே அறுந்திருந்தன. செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். இறந்தவர்கள் எழுபது பேர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறு வட்டாரத்தில் வேர்கொண்ட குடும்பங்கள் பல. மறுநாள் மாலையே கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளாக, நாட்டின் கவனம் அங்கும் பிரிந்துபோயிற்று.

அந்தச் சரிவின் மீது இன்று ட்ரோன் பறக்கவிடும் ஆய்வாளர் எவருக்கும் முதலில் எழும் கேள்வி எளியது: எவ்வளவு மண் நகர்ந்தது, எங்கிருந்து, எத்தனை ஆழத்திலிருந்து? விடைகாணும் முறையும் கேட்பதற்கு எளியதே. ஒன்றன்மேல் ஒன்று பெரும்பகுதி படியுமாறு நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து நிலத்தின் முப்பரிமாண உருவம் கணிக்கப்படுகிறது. நிகழ்வுக்கு முந்தைய உருவத்தைப் பிந்தையதிலிருந்து கழித்தால், எங்கே நிலம் தாழ்ந்தது, எங்கே உயர்ந்தது என்பது நிறங்களாக விரியும்.

பெட்டிமுடியில் அந்த 'முந்தைய உருவம்'தான் சிக்கல். லயங்களுக்கு மேலிருந்த சரிவைச் சென்டிமீட்டர் நுணுக்கத்தில் அளந்துவைக்க அதற்குமுன் எவருக்கும் காரணம் தோன்றியிருக்கவில்லை. கைக்கு எட்டும் மாற்று, 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் எண்டெவர் ரேடாரால் அளந்த உயரத் தரவு. அதில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். பல குடும்பங்கள் சுவரைப் பகிர்ந்து வாழ்ந்த ஒரு லயம் முழுவதும் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். செங்குத்தான மலையில் அத்தரவின் உயரப் பிழையே பல மீட்டர்களாக இருக்கக்கூடும். பெயர்ந்த மண்ணின் ஆழமும் ஏறத்தாழ அதே அளவினதாக இருந்தால், கழித்துக் கிடைப்பது மண்ணா பிழையா என்று பிரித்தறிய வழியில்லை.

ட்ரோன் தரவு இருமுறை கிடைத்தாலும் தொல்லை தீர்ந்துவிடுவதில்லை. ஒவ்வோர் அளவையிலும் உயரப் பிழை 5 சென்டிமீட்டர் என்று கொண்டால், இரண்டையும் கழிக்கும்போது அது 7 சென்டிமீட்டராகிறது. 95 விழுக்காடு உறுதி வேண்டுமெனில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டருக்குக் குறைந்த எந்த மாற்றத்தையும் மாற்றம் என்று சொல்லக்கூடாது. சரிவு 35 பாகையாக இருக்கும் இடத்தில், பக்கவாட்டில் நேரும் 10 சென்டிமீட்டர் பிறழ்வு மட்டுமே 7 சென்டிமீட்டர் உயர வேறுபாடாக வேடமிட்டு வரும். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைச் சமதளத்தில் மட்டும் நட்டுவிட்டு, ஏறுவதற்குக் கடினமான மேற்சரிவை விட்டுவிடும் பழக்கம் கண்டிக்கத்தக்கது. மண் பெயர்வது அந்த மேற்சரிவில்தான்.

தேயிலை மலைக்கே உரிய மற்றொரு மயக்கமும் உண்டு. கொழுந்து பறிப்பதற்காக இடுப்பளவில் சமன்செய்யப்பட்ட செடிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்யப்படுகின்றன. அப்போது ஒரு பாத்தி முழுவதும் அரை மீட்டர் வரை தாழ்ந்துவிடுகிறது. கணினித் திரையில் அது செக்கச்சிவந்த திட்டாகத் தெரியும். அறியாத ஆய்வு மாணவர் அதனை மண்ணரிப்பு என்று குறித்து, கனஅளவும் கணக்கிட்டு, கட்டுரையிலும் சேர்த்துவிடக்கூடும். அந்தத் தோட்டத்தில் கூடை சுமக்கும் பெண் ஒருவரிடம் படத்தைக் காட்டியிருந்தால், "அது கவாத்து வெட்டுன காடு சார்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பார். முறையியல் பகுதியில் மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும் தவறாமல் இடம்பெறுகின்றன. இப்படிச் சொல்லித் தந்தவர்களுக்கு நன்றியுரையில்கூட இடம் கிடைப்பது அரிது.

பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதிக்குச் சென்றால் கதை வேறு. 2018 ஆகஸ்டில் போத்துண்டி வழியாக ஏறும் மலைப்பாதை பல இடங்களில் சரிந்து, மேலிருந்தவர்கள் துண்டிக்கப்பட்டனர். அங்கே காப்பிக்கும் ஏலத்துக்கும் நிழல்தரும் மரங்களின் கவிகை அடர்ந்தது. சாதாரணக் கேமராவுக்குத் தெரிவது மரத்தலைகளே, நிலம் தெரிவதில்லை. இலைகளின் இடைவெளியூடே தரையைத் தொட லேசர் அளவி வேண்டும். அதன் விலையோ பெரும்பாலான பல்கலைக்கழகத் துறைகளுக்கு எட்டாதது. லேசரும் காணாத ஒன்றுண்டு: மண்ணுக்கடியில் நீர் குடைந்து செல்லும் சுரங்கங்கள். இடுக்கி உள்ளிட்ட பகுதிகளில் இந்நிகழ்வைத் திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் ஆராய்ந்துள்ளது. மேற்பரப்பு அசையாமல் இருப்பதனாலேயே உட்புறம் உறுதியாக இருக்கிறது என்று கொள்வதற்கில்லை.

மெல்ல நகரும் சரிவுகளைப் பிடிப்பதில் ட்ரோன் வல்லது. உச்சியில் ஒரு சாண் அகலப் பிளவு விழுந்தால், திறந்த நிலத்தில் அதனைத் தெளிவாகக் காட்டும். பெட்டிமுடியைப் போல, பெருமழையில் ஊறிய மேல்மண் சில மணிநேரத்தில் கூழாகிப் பாய்வது வேறுவகை. மழையும் மூடுபனியும் கவிந்த அந்த வேளையில் எந்த ட்ரோனும் பறக்காது. பறந்தாலும் ஒன்றும் காணாது. ஆகவே அதன் பயன் மழைக்கு முந்தைய மே மாதத்திலும், மழை ஓய்ந்த பின்னருமே இருக்கிறது. நிதி விண்ணப்பங்களில் 'முன்னெச்சரிக்கை' என்னும் சொல்லை எழுதுமுன் சற்று நின்று யோசிக்கலாம்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் சரிவு நேர்ந்தபோது, ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையத்திடம் 2023 மே மாதத்தின் கார்டோசாட்-3 படம் இருந்தது. மறுநாளே ரிசாட் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, சரிவு 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கியது, ஏறத்தாழ 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்தது, சிதைவுகள் 8 கிலோமீட்டர் வரை ஓடின என்றெல்லாம் அம்மையத்தால் சொல்ல முடிந்தது. அதே இடத்தில் முன்னரும் சரிவு நேர்ந்திருந்தது பதிவாகியிருந்தது. பதிவு இருந்தும் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மக்கள் உறங்கிக்கொண்டிருந்தனர்.

தேவிகுளம் வட்டத்தின் லயங்களில் தமிழே பேசப்படுகிறது. தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. நிலச்சரிவு அபாய வரைபடங்கள் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ அமைகின்றன. மே மாதத்தில் ஒரு சரிவின் மீது ட்ரோன் பறந்து, உச்சியில் புதிய பிளவொன்றைக் கண்டது என்றே கொள்வோம். அந்தப் படம் முதலில் ஓர் ஆய்விதழின் மதிப்பீட்டாளரிடம் செல்லும். அவர் ஆறுமாதம் எடுத்துக்கொள்வார். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தை அடைகிறது.