ஓரத்தில் பிறக்கிறவை

தேக்காவில் நின்று அண்ணாந்து பார்த்தால் ராத்திரி வானம்கூட வெளிறித்தான் கிடக்கும். 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் சிங்கப்பூருக்கே முதலிடம். இந்த ஊரில் இருந்துகொண்டு நான் கேலக்ஸிகளைப் பற்றிப் படிக்கிறேன், தமிழில் கதையும் எழுதுகிறேன். "எதுக்கு இதெல்லாம்?" என்று இரண்டுக்கும் ஒரே கேள்விதான் வருகிறது.

என்.ஜி.சி. 3741 என்று ஒன்று இருக்கிறது. சுமார் ஒரு கோடி ஒளியாண்டு தொலைவில், சுருள் கைகளோ சரியான உருவமோ இல்லாத குட்டி கேலக்ஸி. குள்ள ஒழுங்கற்ற வகை என்பார்கள். 2005இல் ஆயிஷா பேகம், ஜெயராம் செங்கலூர், கராச்சென்ட்செவ் மூவரும் புனே அருகே உள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியால் அதை ஆராய்ந்தார்கள். நட்சத்திரங்கள் தெரிகிற பகுதியைப் போல எட்டு மடங்குக்கும் மேலான தூரத்துக்கு ஹைட்ரஜன் வாயு பரவியிருந்தது. கண்ணுக்குத் தெரிவது நடுவில் இருக்கும் பொட்டு மட்டும்.

இந்த வகை கேலக்ஸிகளின் ஓரங்களில் வாயு ரொம்ப மெலிசு. பழைய கணக்குப்படி அங்கே மேகம் சுருங்கி நட்சத்திரம் ஆகக்கூடாது. ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் தேடியவர்களுக்கும் பெரிதாக எதுவும் சிக்கவில்லை. 2003இல் ஏவப்பட்ட கேலெக்ஸ் விண்கலம் புறஊதாவில் பார்த்தபோது, பல கேலக்ஸிகளின் ஓரங்களில் இளம் நட்சத்திரக் கூட்டங்கள் தெரிந்தன. அந்தச் சிவப்பு ஒளியை எழுப்ப மிகப் பெரிய நட்சத்திரங்கள் வேண்டும். அவை சில மில்லியன் ஆண்டுகளில் முடிந்துபோகும். சின்னக் கூட்டங்களில் அபூர்வமாகவே பிறக்கும். புறஊதாவோ அவற்றைவிடச் சிறிய, நீண்டநாள் வாழ்கிறவற்றையும் காட்டிவிடும்.

"இங்க தமிழ் எழுத்து முடிஞ்சுபோச்சு" என்று நண்பர் ஒருவர் விற்ற புத்தகங்களை எண்ணிச் சொல்வார். அவர் எண்ணிக்கை சரிதான். ஆனால் அது சிவப்பு ஒளியில் தேடுகிற வேலை.

போன வருடம் நாங்கள் வைத்த கதை வாசிப்புக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் கட்டுமான வேலை செய்கிற தம்பி. எல்லோரும் கிளம்பிய பிறகு கைபேசியை நீட்டினார். "அக்கா, இது கவிதையான்னு தெரியல."

கவிதைதான். இரண்டு வரியை வெட்டச் சொன்னேன். ஒன்றை மட்டும் வெட்டினார்.

கேலக்ஸி ஓரங்களில் இப்போதைய வேகத்தில் வாயு முழுவதும் நட்சத்திரமாக, பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகளும் போதாதாம். அடுத்த கூட்டத்துக்கு, ஞாயிறு ஓ.டி. இல்லையென்றால் வருவதாக அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார்.