எனக்குத்தான் இருமலே இல்லையே!

எங்கள் தலைமுறைக்கு அது எலும்புருக்கி நோய். பெயரைக்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். பாண்டிச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, லாயென்னெக் என்ற மருத்துவரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். 1816-ல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர். எத்தனையோ பேர் நெஞ்சில் இந்த நோயைக் கேட்டறிந்தவர், 1826-ல் அதே காசநோயால் இறந்து போனார்.

காதுக்குக் கேட்காமலும் இந்த நோய் இருக்கும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் மைத்துனர் தாடிக்கொம்பில் எங்களோடு இரண்டு மாதம் தங்கிவிட்டு ஊருக்குப் போனார். போன இடத்தில் அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. சில நாளில் சுகாதாரப் பணியாளர் ஒரு பெண் எங்கள் வாசலுக்கு வந்தார். "வீட்டுல இருக்குற எல்லாரும் வந்து பாத்துக்கணும்யா" என்றார்.

என் மனைவிக்குக் கோபம். "ஏம்மா, எனக்குத்தான் இருமலே இல்லையே! பெருமாள் கோயிலுக்கு நடந்தே போயிட்டு வர்றேன்."

"உங்களுக்கு அறுபது தாண்டிருச்சு, சர்க்கரையும் இருக்கு. பேத்தி உங்க பக்கத்துலதானம்மா தூங்குது?"

பேத்திக்கு நான்கு வயது. அதற்குமேல் மறுபேச்சு இல்லை.

எக்ஸ்ரேயில் மனைவிக்கு நிழல் தெரிந்தது. சளிப் பரிசோதனையில் கிருமியும் இருந்தது. ஆறு மாதம் மாத்திரை, இப்போது குணமாகிவிட்டது. பேத்திக்கு நோய் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, தடுப்பு மருந்து கொடுத்தார்கள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 100-க்கு 40 பேருக்கு மேல் எக்ஸ்ரே எடுத்ததால்தான் அகப்பட்டார்கள். அவர்களிடம் இருமல், காய்ச்சல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

ஆகவே நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள், 60 வயது கடந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், மிகவும் மெலிந்தவர்கள், ஐந்து ஆண்டுகளுக்குள் இந்த நோய் வந்து போனவர்கள் எல்லோரும் இருமலுக்குக் காத்திராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு வயதில் பி.சி.ஜி. ஊசி போட்ட தழும்பு கையில் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. அது நம் வயதுக்குக் காவல் இல்லை.

தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கவும் தேவையில்லை. இது காற்றில் பரவும் நோய். வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்பதை 1950-களிலேயே சென்னை சேத்துப்பட்டில் நடந்த ஆய்வு உலகத்துக்குக் காட்டியது. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாயும் தருகிறார்கள்.

நம் வயதுக்காரர்களே, உங்களுக்காக இல்லாவிட்டாலும், பக்கத்தில் படுத்துக் கதை கேட்கும் பிள்ளைகளுக்காக ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.