கப்பல் டிப்ஸ்: இனாமா, சம்பளமா?

அமெரிக்கக் கம்பெனிகளின் உல்லாசக் கப்பல்களில், பயணம் முடிவதற்கு முந்தின ராத்திரி வரவேற்பு மேஜைக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும். கையில் அறைக் கணக்கு பில். அதில் ஒரே ஒரு வரிதான் பிரச்சினை. "கிராஜுவிட்டி" என்று இருக்கும். (நம் ஊரில் கிராஜுவிட்டி என்றால் ரிடையர் ஆகும்போது வரும் பணம். கப்பலில் அது டிப்ஸ்!) சில கம்பெனிகள் "க்ரூ அப்ரிசியேஷன்" என்று நாசூக்காகப் போடும். பெயர் எதுவானாலும், பெரிய கம்பெனிகளில் சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை. பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், 7 ராத்திரி, நாளுக்கு 18 டாலர் என்று வைத்துக்கொண்டால் 504 டாலர். ரூபாயில் 40 ஆயிரத்தைத் தாண்டிவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்ட விலையில் இது சேர்ந்திருக்காது.

வரிசையில் நிற்பவர்கள் அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேட்க வந்தவர்கள். பல கம்பெனிகளில் கேட்டால் எடுத்தும்விடுவார்கள். அவர்களைக் கஞ்சர்கள் என்று திட்டுவது சுலபம். ஆனால் அவர்களில் பலர் தங்கள் ஊர் மரியாதைப்படிதான் நடக்கிறார்கள்.

முதலில் அமெரிக்கரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இந்த 18 டாலர் உறுத்தாது. ஹோட்டலில் சாப்பிட்டால் பில்லுக்கு மேல் 15, 20 சதவீதம் வைத்துப் பழகியவர். அங்கே அது பெருந்தன்மையே இல்லை, கிட்டத்தட்ட கடன். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி அமெரிக்க மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது ஏறவே இல்லை. (சில மாநிலங்களில் இதைவிட அதிகம்.) மிச்சத்தை வாடிக்கையாளர் கொடுத்துவிடுவார் என்ற கணக்கு. இதன் வேரைத் தேடிப் போனால் ரயிலில் போய் நிற்கும். உள்நாட்டுப் போருக்குப் பிறகு புல்மன் கம்பெனி தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் போர்ட்டர் வேலைக்கு, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை எடுத்தது. சம்பளம் சொற்பம், பிழைப்பு டிப்ஸில். அப்போதே இதை எதிர்த்தவர்களும் உண்டு. 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸ் கொடுப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் எல்லாச் சட்டங்களும் போய்விட்டன!

ஜப்பானியர் இதற்கு நேர் எதிர். மேஜையில் சில்லறையை விட்டுவிட்டுப் போனால், மறந்துவிட்டீர்கள் என்று சிப்பந்தி தெருவரை ஓடிவந்து கொடுக்கும் ஊர் அது. நல்ல சேவை என்பது விலைக்குள்ளேயே அடங்கியது, அதற்குத் தனியாகக் காசு நீட்டினால் எதிராளிக்குச் சங்கடம். பழைய பாணி விடுதிகளில் "கொக்கொரோசுகே" என்று ஒரு வழக்கம் உண்டு. அதுவும் பணத்தை உறையில் போட்டு, பெரும்பாலும் தங்கப் போகும்போதே கொடுப்பது. வேலையைப் பார்த்து மார்க் போடுகிற பேச்சே இல்லை. ஜப்பானின் சொந்தக் கப்பலான அசுக்கா 2-லும் டிப்ஸ் தேவையில்லை என்பதே வழக்கம்.

ஆஸ்திரேலியருக்குக் காரணம் வேறு. அவர் நாட்டில் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலை முதல் மணிக்கு 24.95 ஆஸ்திரேலிய டாலர். சர்வருக்கும் அதேதான், அப்புறம் எதற்கு டிப்ஸ் என்பார். பிரான்சில் சேவைக் கட்டணம் விலைப்பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது.

சொற்களைப் பார்த்தாலும் சுவாரசியம். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் டிப்ஸுக்கான சொல் "குடிக்கக் காசு" என்ற பொருள் தருவது. ரஷ்யர்கள் "டீக்கு" என்பார்கள், அப்படியே நம் "டீ செலவுக்கு" மாதிரி.

இதுவரை எல்லாம் அவரவர் ஊர் பழக்கம், தப்பில்லை. சிக்கல் கப்பலில் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் பயணி தன் பழக்கத்தைப் பெட்டியோடு கொண்டுவருகிறார், ஆனால் அறையைச் சுத்தம் செய்பவரின் சம்பளம் பயணியின் ஊர்ச் சட்டப்படி வருவதில்லை. கம்பெனி அலுவலகம் மியாமியில் இருக்கும். கப்பலில் பறப்பது பஹாமாஸ் கொடியோ பனாமா கொடியோ பெர்முடா கொடியோ. வேலை செய்பவர்களில் பெரும்பகுதி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா. ஆகவே அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர்களைத் தொடாது. அவர்களுக்காக இருப்பது 2013-ல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அது 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு கேட்கிறது. திருப்பிப் போட்டுப் படித்தால், ஒரு நாளில் 14 மணி வேலை வாங்கலாம். ஒப்பந்தம் பொதுவாக 6 முதல் 9 மாதம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையெல்லாம் கிடையாது.

முன்பெல்லாம் டிப்ஸ் உறையில்தான் போகும். கடைசி ராத்திரி சர்வருக்கு ஒன்று, உதவி சர்வருக்கு ஒன்று, அறைப் பணியாளருக்கு ஒன்று. வாரம் முழுக்க ஒரே மேஜை, ஒரே சர்வர் என்பதால் அது நடந்தது. 2000-ல் நார்வீஜியன் கம்பெனி "ஃப்ரீஸ்டைல்" என்று, எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று மாற்றியது. தினமும் வேறு வேறு சர்வர் என்றால் உறையை யாருக்குக் கொடுப்பது? அதனால் நாள் கணக்கில் பில்லிலேயே ஏற்றினார்கள். மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. இதில் ஒரு நல்லதும் நடந்தது. பயணி கண்ணில் படாத ஊழியர்களுக்கும் பல கப்பல்களில் பங்கு போகத் தொடங்கியது. கெட்டது என்னவென்றால், கம்பெனி தரவேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதி "விருப்பம்" என்ற பெயரில் பயணியின் தலைக்கு வந்துவிட்டது.

இப்போது அந்த வரிசையை மறுபடி யோசித்துப் பாருங்கள். கம்பெனியின் மேல் உள்ள கோபத்தில் ஒருவர் அந்த வரியை எடுக்கச் சொல்கிறார். கம்பெனிக்கு ஒன்றும் குறையாது. குறைவது, மணிலாவுக்கோ கோவாவுக்கோ மாதாமாதம் பணம் அனுப்புகிறவருக்கு. சில கம்பெனிகளில், பில் டிப்ஸை எடுத்துவிட்ட பயணி தனியாகக் கையில் ரொக்கம் கொடுத்தாலும், ஊழியர் அதைப் பொதுக் கணக்கில் சேர்க்கவேண்டும். நேரில் கொடுத்தோம் என்ற திருப்தி கொடுத்தவருக்கு மட்டும்தான்.

இது மாற முடியாத ஏற்பாடும் இல்லை. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே மாதம் முதல் தினசரி டிப்ஸ் வரியை நீக்கி, டிக்கெட் விலைக்குள் சேர்த்துவிட்டது. ஜெர்மனியின் ஐடா கப்பல்களிலும் விலையில் அடக்கம். அமெரிக்காவின் கார்னிவல் கம்பெனியே ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்படும் பயணங்களுக்கு டிப்ஸை விலைக்குள் வைக்கிறது. அமெரிக்காவிலிருந்து புறப்பட்டால் தனி வரி! பயணி ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரிந்த இடத்தில் கம்பெனிக்கும் கணக்கு மாற்றிப் போடத் தெரிகிறது.

நம் ஆட்கள் எந்தப் பக்கம்? சோம்புத் தட்டில் பத்து ரூபாயை விட்டுவிட்டு எழுந்து வருவார்கள், சர்வர் நன்றாகக் கவனித்தால் இருபது. ஆனால் அதையே பில்லில் அச்சடித்துக் கேட்டால் சண்டைதான். சட்டமும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஹோட்டல்கள் தாமாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக்கூடாது என்றது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்தப் பழக்கத்தோடு கப்பல் ஏறுகிறவருக்கு அந்த வரி ஏமாற்று வேலையாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

அதே நேரம், வருஷா வருஷம் கேட்டரிங் முடித்துவிட்டு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் சி.டி.சி.யும் எடுத்துக்கொண்டு கப்பல் வேலைக்குக் கிளம்புகிற பையன்களும் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். ஏஜென்ட் அவர்களிடம் மாதத்துக்கு இவ்வளவு டாலர் என்று ஒரே தொகையாகச் சொல்வார். கையெழுத்துக்கு முன்னால் அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, டிப்ஸ் பங்கு எவ்வளவு, டிப்ஸ் குறைந்த மாதத்தில் கம்பெனி ஈடுகட்டுமா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். கப்பல் எந்த நாட்டுத் துறைமுகத்திலிருந்து ஓடப்போகிறது என்பதையும் கூடவே கேட்டுவிடலாம்.