கையைக் கடிக்காத ஒருநாள் டிரிப்: கொற்கைக் குளமும் முத்துநகரும்

மார்கழி, தை மாதங்களில் தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் நேராகக் கடற்கரைக்கே ஓடுகிறார்கள். காலைப் பொழுதை மட்டும் கொற்கைக்குக் கொடுத்துப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து ஏரலுக்கு பஸ். அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம். சாதாரண டவுன் பஸ் அமைந்தால் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை.

பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் இது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இப்போது வயல், வாழை, ஒரு பெரிய குளம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடம் என்றால் குளம் நிறைந்து கிடக்கும். கொக்கும் நாரையும் கரையிலிருந்தே தெரியும். பழைய வன்னி மரமும், நாணயம் அடித்த அக்கசாலையின் பெயரைத் தாங்கிய விநாயகர் கோயிலும் பக்கத்திலேயே. ஓட்டலை நம்பாமல் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் குளத்தில் இறக்க வேண்டாம், சேறு.

வாங்க வேண்டிய சாமானை ஏரல் கடைவீதியில் வாங்கலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சரக்கைப் பறிகொடுத்து மீண்ட கடைகள் அவை.

மாலையில் தூத்துக்குடி. பனிமய மாதா பேராலயம், ரோச் பூங்கா, கால் கிலோ மக்ரூன் (முட்டை உண்டு, சைவக்காரர்கள் கவனிக்க). ஜோடியாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம்: இது கிழக்குக் கரை, சூரியன் கடலில் மறையாது. அதிகாலையில் எழுந்தால் உதயம் இலவசம்.

முத்து? 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 'தூத்துக்குடி முத்து' என்று யாராவது மலிவாக நீட்டினால் பர்ஸைத் திறக்காதீர்கள்.