கொண்டைக்குருவியும் கவ்வாத்துக் கத்தியும்

தமிழிலக்கியத்தில் இடம்பெற்ற பறவைகளை எண்ணத் தொடங்கினால் அன்னமும் மயிலும் கிளியும் குயிலும் முதலில் வந்து நிற்கும். நாரையைத் தூதுவிட்ட புலவர் உண்டு. கிளியைத் தூதுவிட்ட புலவரும் உண்டு. ஆனால் நம் வீட்டுப் பின்புறத்துக் கொய்யா மரத்தில் நாள்தோறும் வந்து அமரும் கொண்டைக்குருவி எவருக்கேனும் தூது சென்றதாக நான் அறியேன். எங்கும் காணப்படுவது எவராலும் காணப்படாமற் போவது உலக வழக்கு. அத்தகைய எளிய பறவையொன்றைப் படம்பிடிக்கப் போய் நான் கற்றுக்கொண்ட பாடத்தையே இங்குக் கூற விழைகிறேன். அது எனக்குப் பெருமை தரும் கதையன்று.

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில், மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் உள்ளது றொசல்ல. 1884ஆம் ஆண்டு ஹட்டன்வரை இருப்புப்பாதை இடப்பட்டபோது இச்சரிவுகளின் பழங்காடு பெரும்பாலும் அழிந்து, கோப்பியும் பட்டுப்போய், தேயிலை வேரூன்றத் தொடங்கியிருந்தது. இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் பகுதிகளுள் வட்டவளைப் பகுதியும் ஒன்று. வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் பல மாதங்களுக்கு மழையும் மூடுபனியுமே எங்கள் வானம். அங்கேயுள்ள லயமொன்றின் கடைசிக் காம்பராவில் நான் பிறந்து வளர்ந்தேன்.

லயத்து விடியலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பெரட்டுக்கு அழைக்கும் ஓசை கேட்குமுன்னரே, இருள் கலையாதபோதே, குண்டுகரிச்சான் கூரைமுகட்டிலிருந்து பாடத் தொடங்கிவிடும். சிங்கள மக்கள் பொல்கிச்சா என அழைக்கும் பறவை இதுவே. பாடும் பறவைகளின் குரலுறுப்பு தொண்டையில் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் இருக்கிறது. ஆதலால் ஒரே வேளையில் இருவேறு ஒலிகளை எழுப்பவும் அவற்றால் இயலும் என்று பின்னாளில் படித்தேன். படிப்பதற்கு முன்னரும் அப்பாட்டு எனக்கு இனிதாகவே இருந்தது. அதன் பின்னர் தையற்சிட்டின் ஓயாத அழைப்பு. அதற்கும் பின்னர், அடுப்புப் புகை கூரை வழியே கசியும் வேளையில், கொண்டைக்குருவிகளின் கலகலப்பு. தேயிலைக்கு நடுவே நட்ட கழிகளின் நுனியில் கன்னங்கரிய ஆண் புதர்ச்சிட்டு அமர்ந்து, இறக்கையின் வெள்ளைக் கீற்றுத் தெரிய மேலெழுந்து பாடி இறங்கும். இந்நாட்டில் மலைப்பகுதிக்கு வெளியே அப்பறவை வாழ்வதில்லை என்பதை அறிந்தபோது, எங்களைப் போன்றே அதுவும் மலையகத்தான் என்று மகிழ்ந்தேன். மழைக்காலம் ஓய்ந்து ஐப்பசி பிறக்கையில் வடக்கிலிருந்து வரும் சாம்பல் வாலாட்டிக்குருவி பீலிக்கரையில் வாலை அசைத்தவாறு நடமாடும்.

இவையனைத்தையும் நான் கேட்டிருந்தேன். பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பார்க்கக் கற்றுத் தந்தது பேராதனைப் பல்கலைக்கழக நூலகம். அங்கு ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய வழிகாட்டி நூல் என் கைக்கு எட்டியது. படங்களையும் அவரே வரைந்திருந்தார். 1891இல் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர் என்பதை அறிந்தபோது எனக்குள் ஒரு விந்தையான உறவுணர்ச்சி தோன்றியது. அவர் பிறந்த வீடும் நான் பிறந்த காம்பராவும் வேறு வேறு என்பதை மறக்கவில்லை. ஆயினும் இருவர் காதிலும் முதலில் விழுந்த பாட்டு ஒன்றாகவே இருந்திருக்கும். தமிழ்நாட்டின் மா. கிருஷ்ணன் (1912–1996) எழுதிய கட்டுரைகளும் அக்காலத்திலேயே எனக்கு அறிமுகமாயின. பல கருவிகளின் பகுதிகளைக் கோத்துத் தாமே அமைத்த கமராவினால் கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படம்பிடித்த அவர், தமிழிலும் அவற்றைப் பற்றி அழகாக எழுதினார். ஒரு தமிழன் இதைச் செய்யலாம் என்னும் துணிவு எனக்கு அவரிடமிருந்தே வந்தது.

1985ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையில் நண்பரொருவரின் செனித் கமராவை இரவலாகப் பெற்று ஊர் வந்தேன். அதனுடன் 135 மில்லிமீற்றர் வில்லையொன்றும் இரண்டு படச்சுருள்களும் இருந்தன. ஒவ்வொரு சுருளிலும் 36 படங்கள். மொத்தம் 72 வாய்ப்புகள். இன்றைய மாணவர் ஒரு நிமிடத்தில் எடுத்து அழித்துவிடும் தொகை அது. அத்தகைய வில்லையால் தொலைவிலுள்ள சிறு பறவையைப் பிடித்தால் படத்தில் ஒரு புள்ளியே எஞ்சும். ஆகவே அக்காலத்தில் பறவைகளைப் படம்பிடிக்க விரும்பியோர் பெரும்பாலும் கூட்டையே நாடினர். பறவை தவறாது திரும்பிவரும் இடம் அதுவன்றோ! இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் முட்டைகளுடன் கூடிய கூடொன்றைப் படம்பிடித்த நாள்முதல் அதுவே வழக்கமாயிற்று. பறவைகளை அணுகும்பொருட்டு அவர்கள் எருதின் தோலைப் பதப்படுத்தி உருவம் அமைத்து அதனுள் ஒளிந்திருந்ததும் உண்டு.

கூட்டைக் கண்டுபிடித்தவர் என் அம்மா. நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, இலைகளுக்குள் கையை விட்ட இடத்தில் கொண்டைக்குருவியொன்று படபடத்துப் பறந்ததாம். விலக்கிப் பார்த்தால், வேர்நாரும் மெல்லிய குச்சிகளும் கொண்டு பின்னிய கிண்ணத்தில், செம்புள்ளி தெளித்த இளஞ்சிவப்பு முட்டைகள் மூன்று. அம்மா அந்தச் செடியில் கை வைக்கவில்லை. சித்திரை மாதம் கொழுந்து பொங்கி வரும் காலம். ஒரு செடியின் கொழுந்து ஒரு கைப்பிடியே என்றாலும், பறிக்காமல் விட்ட செடி மட்டத்துக்கு மேல் வளர்ந்து தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். கங்காணி அதைக் கண்டு வினவினார்.

“ஏம்மா, செடிய விட்டுட்டுப் போற?”

“கூடு இருக்குங்க ஐயா. குஞ்சு பறந்ததும் எடுத்துர்றேன்.”

கங்காணி முணுமுணுத்துக்கொண்டு அப்பால் சென்றாராம். ஏறக்குறைய எட்டு நாளுக்கு ஒருமுறை அதே மலைக்குக் கொழுந்து பறிக்க வருவது வழக்கம். இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் அம்மா அச்செடியைத் தொடாமலே கடந்தார். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்டுவிடும் நாள்கள் அவை. ஒரு கைப்பிடியால் பேர் குறையாது என்பது உண்மையே. ஆயினும் இருபது வருடங்களாக எந்தச் செடியையும் விட்டுச் செல்லாத ஒரு பெண், திட்டு வாங்கக்கூடும் என்று அறிந்தே ஒரு செடியை மும்முறை விட்டுச் சென்றார். அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம், படம் எடுக்கத்தக்க கூடு ஒன்று கிடைத்துவிட்டது என்பதே.

குஞ்சுகள் பொரித்த நாலாம் நாள் நான் என் வேலையைத் தொடங்கினேன். இரண்டு கழிகளை ஊன்றி, அம்மாவின் பழைய படங்கை அவற்றின்மேல் தொங்கவிட்டு, அதன் பின்னே குந்தியிருந்தேன். முதல் நாள் தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் வாயில் புழுவுடன் அருகிலிருந்த கிளையில் அமர்ந்து, நெடுநேரம் எச்சரிக்கைக் குரல் எழுப்பின. அஞ்சி எழுந்து வந்துவிட்டேன். இரண்டாம் நாள் படங்கை அவை பொருட்படுத்தவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறி இரை கொண்டு வந்தன. குஞ்சுகள் மூன்றும் கழுத்தை நீட்டிச் செவ்வாய் திறந்து நடுங்கும். ஊட்டி முடித்ததும் பறவை ஒரு கணம் அமைதியாக நின்று அவற்றைக் குனிந்து பார்க்கும். அந்தக் கணம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் வெளிச்சம் போதவில்லை. கூட்டின்மேல் தேயிலை அடர்ந்து கவிந்திருந்தது. காலையில் மூடுபனி வேறு. பறவையின் தலையசைவை உறையவைக்க வினாடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்காவது வேண்டும். அந்நிழலிலோ முப்பதில் ஒரு பங்குக்கே இடமிருந்தது. இவ்விடத்தில் இலைகளை நூலால் கட்டி ஒதுக்கிப் படமெடுத்தபின் உடனே அவிழ்த்துவிட வேண்டும் என்பது அக்கலையின் பழைய விதி. அதை நான் படித்திருந்தேன். எனினும் அன்று கையில் நூல் இல்லை. வீட்டிற் சென்று எடுத்துவரப் பொறுமையும் இல்லை. காம்பராவின் மூலையிலிருந்து வரும்போது எதற்கோ கொண்டுவந்த கவ்வாத்துக் கத்தி இருந்தது. நாலைந்து கிளைகளை நறுக்கினேன். பனி விலகி வெயில் நேராகக் கூட்டினுள் இறங்கியது. அன்று நண்பகலுக்குள் 24 படங்கள் எடுத்தேன். வாழ்வில் அவ்வளவு மகிழ்ச்சியாக நான் மலையிறங்கி வந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் சென்றேன். கூடு வெறுமையாக இருந்தது. கிண்ணத்தின் ஒரு விளிம்பு சரிந்திருந்தது. சற்றுத் தொலைவில் செண்பகமொன்றின் கனத்த குரல் கேட்டது. கூடுகளைத் தேடிக் குஞ்சுகளைத் தின்னும் பறவை அது. அதுவே தின்றது என்று கண்ணாற் கண்டதுபோல நான் சொல்ல மாட்டேன். காகமாகவும் இருக்கலாம், பாம்பாகவும் இருக்கலாம். ஆனால் அவற்றுக்கு வாசலைத் திறந்துவிட்டது எது என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் நின்றுகொண்டிருக்கும்போதே கொண்டைக்குருவி வாயில் ஒரு பச்சைப் புழுவுடன் வந்து கூட்டின் விளிம்பில் அமர்ந்தது. உள்ளே பார்த்தது. பறந்து சென்று, சிறிது நேரத்தில் அதே புழுவுடன் மீண்டும் வந்தது. அப்போதும் என் கழுத்தில் கமரா தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் தூக்கவில்லை.

வீட்டில் நான் எதுவும் கூறவில்லை. மூன்றாம் நாள் நாலாம் சுற்றுக் கொழுந்துக்கு அம்மா அந்த நிரைக்கு வந்தார். நானும் பின்னே சென்றேன். செடியின் முன்னே நின்று, நறுக்கிய கிளைகளின் காய்ந்த இலைகளைத் தொட்டுப் பார்த்தார்.

“எலைய எதுக்கு தம்பி வெட்டுன?”

“வெளிச்சம் பத்தலம்மா.”

“அதுக்கு வெளிச்சம் வேணாமுன்னுதானே உள்ளுக்குள்ள கட்டியிருந்துச்சு?”

அவ்வளவுதான். கோபமில்லை, அழுகையில்லை. கூடையைச் சரிசெய்துகொண்டு, மூன்று சுற்றாக விட்டிருந்த அந்தச் செடியில் கொழுந்து பறிக்கத் தொடங்கினார். காப்பதற்கு அங்கு இனி எதுவும் இல்லை. இன்னும் ஓராறு நாள் நான் பொறுத்திருந்தால் அந்த மூன்றும் பறந்திருக்கும்.

படங்களைப் பேராதனையில் நண்பரின் இருட்டறையில் கழுவினோம். ஒரு படம் மிக நன்றாக வந்திருந்தது. குனிந்த பறவை, அண்ணாந்த மூன்று வாய்கள், இறகின் ஓரத்தில் வெயில். பார்த்த நண்பர்கள் அனைவரும் பாராட்டினர். அந்த வெயில் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை. படத்தைப் பார்ப்பவனுக்கு அதன் சட்டத்துக்கு வெளியே நடந்தது தெரிவதில்லை. எடுத்தவனுக்கு அது மட்டுமே தெரிகிறது.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. நெடுந்தொலைவிலிருந்தே இறகின் இழையைக் காட்டும் வில்லைகள் வந்துவிட்டன. கூட்டை நாட வேண்டிய தேவையே இல்லை. கூட்டுப் படங்களை ஏற்பதில்லை எனப் பல போட்டிகளும் பறவை ஆர்வலர் அமைப்புகளும் விதி செய்துள்ளன. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய கள பறவையியல் குழு போன்றவை, இலங்கை மாணவர் பலரைப் பறவைகளின்பால் திருப்பியுள்ளன. ஆயினும் கவ்வாத்துக் கத்தி வேறு வடிவங்களில் நம் கையில் இருக்கத்தான் செய்கிறது. கைப்பேசியில் பதிவுசெய்த பாட்டை ஒலிக்கச் செய்து பறவையை வெளியே இழுப்பது அவற்றுள் ஒன்று. தன் எல்லைக்குள் பகைவன் புகுந்துவிட்டான் என்று நம்பி, இரை தேடுவதையும் குஞ்சுகளைப் பேணுவதையும் விட்டு அது ஓடிவருகிறது. நாம் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். அதன் கலக்கம் அங்கேயே நின்றுவிடுகிறது.

பறவைகளைப் பார்ப்பதற்கு நூல்கள் எனக்குப் பெயர்களைத் தந்தன. கமரா எனக்குக் கூர்மையைத் தந்தது. ஆனால் அம்மாவின் பார்வையில் இருந்த ஒன்றை அவை இரண்டும் தரவில்லை. அவர் ஹென்றியின் நூலைக் கண்டதில்லை. கொண்டைக்குருவிக்குச் சின்னான் என்றொரு பெயர் தமிழ்நாட்டில் உண்டென்பதையும் அறியார். ஒரு நாளைக்கு ஆயிரம் முறை இலைக்குள் நுழையும் அவர் கை, ஓரிடத்தில் மட்டும் தானாக நின்றது. பார்த்ததற்கும் விட்டுவிட்டதற்கும் இடையில் அவருக்கு ஒரு கணமும் தேவைப்படவில்லை. அறிவு என்பது எதை எடுப்பது என்பதில் மட்டுமன்று, எதை எடுக்காமல் விடுவது என்பதிலும் இருக்கிறது என்பதை நான் எந்த விரிவுரை மண்டபத்திலும் அவ்வளவு தெளிவாகக் கற்றதில்லை.

அம்மா இன்று இல்லை. அந்தப் படம் என் மேசையறையில் இருக்கிறது, சுவரில் மாட்டியதில்லை. றொசல்லவுக்குச் செல்லும்போதெல்லாம் கமராவுடன்தான் போகிறேன். பீலிக்கரை வாலாட்டியையும் கழிநுனிப் புதர்ச்சிட்டையும் தொலைவில் நின்று எடுக்கிறேன். நிரைகளுக்கிடையே நடக்கையில் சில வேளை, மட்டத்துக்கு மேல் வளர்ந்து, பறிக்கப்படாமல் நிற்கும் ஒரு தனிச் செடி கண்ணில் படும். அது ஏன் விடப்பட்டதென்று எனக்குத் தெரியும். அருகில் போய்ப் பார்ப்பதில்லை.