ஒலுவிலுக்கு வராத கப்பல்

எங்கட குடும்பத்தில் வடக்கு ஐரோப்பாவைப் பார்த்த ஒரே ஆள் மூத்த காக்காதான். உல்லாசக் கப்பல் ஒன்றின் சலவை அறையில் ஆறு மாதம் வேலை. கோப்பன்ஹேகன், பேர்கன், நோர்த் கேப் என்று ஊர்ப்பெயர்களை இப்போது சரளமாகச் சொல்கிறார். நோர்த் கேப்பில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறையாதாம்.

"அப்ப மஃரிப் எப்பிடித் தொழுதீங்க?" இதுதான் எங்கட முதல் கேள்வி.

"மக்கா நேரத்தப் பாத்துத்தான். சலவ அறைக்கு யன்னலே இல்ல மனே, பகலென்ன இரவென்ன!"

போன வெள்ளி அவரோடு ஒலுவில் கடற்கரைக்குப் போனோம். நாங்கள் படிக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அந்த ஊரில்தான். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகம் அங்கே கிடக்கிறது. வாசலை மணல் மூடியது. வடக்குக் கரையைக் கடல் அரித்து, தென்னைகளைச் சாய்த்தது. மீன்பிடிப் படகுகளே உள்ளே போய்வரப் பாடுபட்டன. பெரிய கப்பலுக்கு எங்கே போவது?

காக்கா கனநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "கோப்பன்ஹேகன்ல இறங்கின அண்டு, ஒரே கரையில நாலு கப்பல் நிண்டிச்சு. அதில ஒண்டு இஞ்ச வந்திருந்தா நான் ஏன் அங்க போறன்?"

அடுத்த சீசனுக்கும் அவருக்கு அழைப்பு வந்திட்டுது. கலைப்பீடம் முடித்தால் எங்களுக்கும் இதே வழிதானா என்று நாங்கள் இன்னும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் பாஸ்போட் எடுக்க எவ்வளவு செலவாகும் என்று ஆளாளுக்கு விசாரித்து வைத்திருக்கிறோம்.