கோடி கோடிக் கோள்கள்

2016 ஆகஸ்டில் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ வெளியானபோது நாம் ஒரு பிரபஞ்சத்தையே எதிர்பார்த்திருந்தோம். ஹலோ கேம்ஸ் என்ற சிறிய பிரிட்டிஷ் குழு அறிவித்த கோள்களின் எண்ணிக்கை, இரண்டின் 64ஆம் அடுக்கு. ஏறத்தாழ 1,84,000 கோடி கோடி. எண் பொய்யல்ல. ஒவ்வொரு கோளையும், நாம் நெருங்குகையில், கணித விதிகளே சமைத்தன. ஆயினும் பத்துக் கோள்களில் இறங்கியபின் பதினொன்றாவது வியப்பூட்டவில்லை. சொற்களைக் குலுக்கிக் கோர்த்தால் கோடி வாக்கியங்கள் அமையும். அவற்றில் கவிதை எத்தனை?

சக ஆட்டக்காரரைச் சந்திக்கும் வாய்ப்பும் அன்று இல்லை. 2018இல் ‘நெக்ஸ்ட்’ மேம்பாடுதான் முழுமையான கூட்டாட்டத்தைத் தந்தது. அடுத்தடுத்து வந்த மேம்பாடுகளையும் இலவசமாகவே அளித்தார்கள். அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். எனினும் முதல்நாள் முழுவிலை கொடுத்தவர் பெற்றது பிரபஞ்சத்தை அன்று. அதற்கான முன்பதிவுச் சீட்டை.